காணாமல் போன 37 கிலோ

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் நேர்பாதை முடிகிற இடத்தில் பிரேக்கை மிதிப்பேன். மிதித்த அரை நொடிக்குள் காரின் பின்பக்கம் லேசாகிவிடும். வழுக்காது, சுற்றாது, லேசாகும், அவ்வளவுதான். இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனால் வயிற்றுக்குள் ஒன்று நழுவுமே, அது மாதிரி. ஸ்டீயரிங்குக்குத் தெரியும் முன்பே இடுப்புக்குத் தெரிந்துவிடும். ஸ்பீடோமீட்டர் அப்போது 160-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும். அதே பிரேக்கை அதே பலத்தோடு 100-ல் மிதித்தால் கார் சாதுவாக நிற்கும்.

இதை என் பயம் என்றே இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ட்ராக்கில் பயத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. பிரேக் பேடைக் குறை சொல்வோம், டயரைக் குறை சொல்வோம், வெயிலைக் குறை சொல்வோம். நானும் சொன்னேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவை. ஓட்டக் கற்றுக்கொண்டது செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில். 2003-ல் திறந்த ட்ராக். இந்திய ரேஸிங்குக்குக் கார்களையும் ஓட்டுநர்களையும் உருவாக்கித் தந்துவிட்டு 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன எஸ். கரிவர்தனின் பெயர் தாங்கியது. சுற்றளவு 2.1 கிலோமீட்டர்தான். என் காரைப் போன்ற சின்ன வண்டி அங்கே வேகம் எடுப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். இருங்காட்டுக்கோட்டை வேறு. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துகொண்டிருந்த ரேஸ்களுக்கு ஒரு நிரந்தர வீடு வேண்டும் என்று மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டியது, 3.7 கிலோமீட்டர். அங்கே வண்டிக்கு மூச்சு விட இடம் உண்டு. அந்த இடத்தில்தான் என் காரின் குணம் வெளியே வந்தது.

காரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான்கு மீட்டருக்குள் அடங்கும் பெட்ரோல் ஹேட்ச்பேக், முன்சக்கர இழுவை, பதினைந்து வயது. ட்ராக்குக்குப் போனதும் பின் சீட்டையும் ஸ்டெப்னியையும் கழற்றி ஓரமாக வைத்துவிடுவேன். என்னையும் ஹெல்மெட்டையும் சேர்த்து எடை 1000 கிலோவை ஒட்டி வரும். நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கு வாய்க்கிற ரேஸ் கார் இதுதான்.

முதலில் எல்லாரும் செய்வதைச் செய்தேன். பின் ஆக்ஸிலின் புஷ்களை மாற்றினேன். சக்கரங்களை அலைன்மென்ட் பார்த்தேன். டயர் காற்றை இரண்டிரண்டு பாயின்டாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். புது ஷாக் அப்சார்பர் போட்டேன். மெதுவான வளைவுகளில் கார் அழகாகத் திரும்பியது. நேர்பாதை முடிவில் அதே லேசு. வேகம் ஏறினால் மட்டும் வருகிற நோய்க்குக் காற்றைத் தவிர வேறு யாரைச் சந்தேகப்படுவது?

இங்கேதான் என் முட்டாள்தனம் தொடங்குகிறது.

காற்றுக்கு வைத்தியம் என்று முடிவானதும் நான் செய்த முதல் காரியம், முன் பம்பருக்கு அடியில் ஒரு ஸ்ப்ளிட்டர், அதாவது காற்றை வைத்து முகப்பைக் கீழே அழுத்தும் பலகை, கட்டியது. 12 மி.மீ. மரைன் பிளைவுட், பம்பரைத் தாண்டி பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு, கருப்பு பெயின்ட் அடித்து. ஏன் முன்னால்? உண்மையைச் சொன்னால், பார்க்க நன்றாக இருந்தது. வெளிநாட்டு ட்ராக் கார்களின் படத்தில் எல்லாம் முதலில் கண்ணில் படுவது அந்தத் தாடைதான். முன்பக்கம் அழுந்தினால் ஸ்டீயரிங் நன்றாகக் கடிக்கும், ஸ்டீயரிங் கடித்தால் கார் சொன்ன பேச்சு கேட்கும் என்று ஒரு தர்க்கம் வேறு சொல்லிக்கொண்டேன்.

ஸ்டீயரிங் கடிக்கத்தான் செய்தது. மூன்றாவது சுற்றில், நேர்பாதை முடிந்து வரும் அந்த வேகமான முதல் வளைவில், வளைவு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டதாகத் தோன்றி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தேன். கொஞ்சம்தான். முகப்பு உள்ளே பாய்ந்தது, வால் வெளியே பாய்ந்தது. கண்ணாடிக்கு முன்னால் ட்ராக், புல், வானம், வந்த வழி, மறுபடி புல் என்று வரிசையாக வந்துபோயின. நின்றபோது கார் நான் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் நிறையப் புல். வேறு சேதம் இல்லை, என் மானத்தைத் தவிர.

அன்றிரவு ஊருக்கு ஓட்டி வந்தேன், ஐந்நூறு கிலோமீட்டர். காலையில் வீட்டு வாசலில் காரைக் கழுவும்போது பம்பரிலும் பானெட்டின் முன் விளிம்பிலும் கண்ணாடியிலும் பூச்சிகள் அப்பிக் கிடந்தன. வழக்கம்தான். ஆனால் அன்று துணியோடு நின்று யோசித்தேன்: பூச்சி இருக்கும் இடம் காற்று நேராக மோதும் இடம், கூரையின் பின் பாதியில் ஒரு பூச்சிகூட இல்லை.

இந்தப் பூச்சிக் கதை எனக்கு முன்பே தெரியும், கார்ப் பைத்தியங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1969-ல் போர்ஷே 917 என்ற காரை ஓட்டவே முன்னணி ஓட்டுநர்கள் அஞ்சினார்கள். நேர்பாதையிலேயே வால் அலையும். அந்த வருடம் பிரான்ஸில் நடக்கும் 24 மணி நேர லெ மான் பந்தயத்தின் முதல் சுற்றிலேயே, சொந்தமாக ஒரு 917 வாங்கி ஓட்டிய ஜான் வுல்ஃப் இறந்துபோனார். அக்டோபரில் ஆஸ்திரியாவின் ஸெல்ட்வெக் ட்ராக்கில் சோதனை ஓட்டம். போர்ஷேவுக்காகப் பந்தயம் ஓட வந்த ஜான் வயரின் குழுவில் இருந்த பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன், ஓடி வந்து நின்ற காரைச் சுற்றிப் பார்க்கிறார். முன்னால் எல்லாம் கொசுக்கள் நசுங்கி ஒட்டியிருக்கின்றன. வாலில் காற்றைத் தடுத்துத் திருப்ப வைத்திருந்த ஸ்பாய்லர் தகடுகளில் ஒரு கொசுகூட இல்லை. அதாவது அந்த ஸ்பாய்லர்களைக் காற்று தொடவே இல்லை. அவை சும்மா ஊர்வலம் வந்திருக்கின்றன. அங்கேயே அலுமினியத் தகடும் ரிவெட்டும் டேப்பும் வைத்து வாலைக் குட்டையாக்கி, மேல்நோக்கித் தூக்கிக் கட்டினார்கள். கார் அடங்கியது. அடுத்த வருடம் லெ மானில் போர்ஷே பெற்ற முதல் ஒட்டுமொத்த வெற்றி, அந்தக் குட்டை வால் 917-க்குக் கிடைத்தது.

பத்து தடவை படித்த கதை. இருந்தும் நான் முன்னால்தான் பலகை கட்டினேன். படித்தது வேறு, உறைத்தது வேறு.

சரி, கணக்குக்கு வருவோம். காரின் மேல் வளைந்து போகும் காற்று கூரையை மேலே இழுக்கிறது. எவ்வளவு? காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 160 கி.மீ. என்பது நொடிக்கு 44 மீட்டர். சென்னை வெயிலில் காற்றின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1.15 கிலோ என்று வைத்தால், மோதும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 1130 நியூட்டன் சொச்சம். என் காரின் முகப்புப் பரப்பு 2.1 சதுர மீட்டர்; பின் அச்சின் லிஃப்ட் எண்ணை, அதாவது அந்த அழுத்தத்தில் எத்தனை பங்கு வாலைத் தூக்குகிறது என்பதை, 0.15 என்று எடுத்துக்கொண்டேன். பெருக்கி, நியூட்டனைக் கிலோவாக மாற்றினால் 37 கிலோ வருகிறது. 160-ல் போகும்போது பின்சக்கரங்களின் மேலிருந்து 37 கிலோவை யாரோ தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 100-ல் அது 14 கிலோதான்.

37 கிலோ பெரிதா? ஆயிரம் கிலோ வண்டிக்கு அது ஒன்றுமில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இந்த மாதிரி வண்டிகளில் எஞ்சின் முன்னால். நின்றபடியே பின்சக்கரங்களுக்குக் கிடைப்பது 380 கிலோ மட்டுமே. பலமாக பிரேக் போடும்போது சுமார் 200 கிலோ முன்னால் சாய்ந்துவிடும். மிச்சம் 180-க்குள். அதிலிருந்து 37 போனால், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. பின் டயர்களின் பிடியும் ஏறக்குறைய அதே அளவு போயிற்று. என் இடுப்பு பொய் சொல்லவில்லை.

பிளைவுட் என்ன செய்தது என்பதும் இதே கணக்கில் வந்துவிடுகிறது. ஸ்ப்ளிட்டர் முன் அச்சுக்கு நேர் மேலே இல்லை, அதற்கும் முக்கால் மீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. சீசா பலகையின் நுனியில் உட்கார்ந்த குழந்தை மாதிரி, அங்கே 20 கிலோ அழுத்தினால் மறுமுனையில் பின்சக்கரம் இன்னும் 6 கிலோ இழக்கும். ஏற்கெனவே இளைத்துப் போயிருந்த வாலை நான் இன்னும் பட்டினி போட்டிருக்கிறேன். முகப்பின் பிடியை வேறு கூட்டியிருக்கிறேன். அம்புக்கு இறகை முனையில் கட்டி எய்தால் என்ன ஆகும்? அதைத்தான் செய்திருக்கிறேன். வாலில் இறகு இருந்தால்தான் அம்பு நேரே போகும். வால் இல்லாத பட்டம் மொட்டை மாடியில் குட்டிக்கரணம் அடிப்பதைச் சின்ன வயதில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

ஒரு நண்பன் கேட்டான்: "37 கிலோதானடா, டிக்கியில ஒரு மணல் மூட்டையப் போட்டுட்டுப் போயேன்?" நல்ல கேள்விதான். மணல் மூட்டை பின்சக்கரத்தை அழுத்தும், உண்மை. ஆனால் வளைவில் அந்த மூட்டையையும் சேர்த்துத்தான் டயர் திருப்ப வேண்டும், நிறுத்தும்போது அதையும் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். கிடைத்த பிடி, மூட்டையைச் சமாளிப்பதிலேயே செலவாகிவிடும். காற்று அழுத்தினால் அழுத்தம் மட்டும்தான் வருகிறது, பாரம் வருவதில்லை. ஏரோடைனமிக்ஸ் மேல் ஆட்கள் பைத்தியமாகத் திரிவதற்கு மொத்தக் காரணமும் இந்த ஒரு வித்தியாசம்தான்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி வேண்டும். காரை நிறுத்திவைத்துக் காற்றடித்துச் சோதிக்கும் காற்றுக் குகைக்கு (விண்ட் டனல்) வாடகை கொடுக்கும் நிலையில் நான் இல்லை. அறுபது கிலோ நண்பர்கள் இரண்டு பேரைப் பின் அச்சுக்கு நேர் மேலே உட்கார வைத்தேன். கார் 20 மி.மீ. இறங்கியது. ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 6 கிலோ. அப்புறம் பின்சக்கரத்துக்கு மேலே ஃபெண்டரில் ஒரு தையல் டேப்பை ஒட்டி, கதவில் சக்‌ஷன் கப் கேமராவைப் பொருத்தி, டயருக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியைப் படம் பிடித்தேன். 80-ல் சில நொடி, 155-ல் சில நொடி, இரண்டிலும் ஆக்ஸிலரேட்டரை அசைக்காமல். மேடு பள்ளத்தில் படம் குதிக்கும். நூறு ஃப்ரேம் எடுத்துச் சராசரி போட்டேன். ஸ்ப்ளிட்டர் இல்லாமலே வால் நான்கு மில்லிமீட்டர் சொச்சம் எழும்பியிருந்தது. என் கணக்கு எதிர்பார்த்ததும் ஏறத்தாழ அதுதான். அந்த ராத்திரி லேப்டாப் முன்னால் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அடுத்து நூல். கோவையில் நூலுக்கா பஞ்சம்? மில்லில் வேலை பார்க்கும் சித்தப்பா ஒரு வேஸ்ட் கோன் கொடுத்தார், சிவப்புச் சாயம் ஏறியது. ஒரு விரல் நீளத்துக்கு அறுபது எழுபது துண்டு வெட்டி, கூரையிலும் பின் கண்ணாடியிலும் பக்கவாட்டிலும் டேப் போட்டு ஒட்டி, பின்னால் வந்த நண்பனின் காரிலிருந்து படம் எடுத்தோம். காற்று ஒழுங்காகப் போகும் இடத்தில் நூல் வாரிச் சீவிய முடி மாதிரி படிந்து கிடக்கும். காற்று பிய்ந்துபோன இடத்தில் பேய் பிடித்த மாதிரி ஆடும். என் காரின் கூரை நூல்கள் கடைசி விளிம்பு வரை படிந்திருந்தன; அங்கிருந்து இன்னும் கொஞ்சம் வளைந்து கீழே இறங்கின. பின் கண்ணாடியில் இருந்த நூல்களோ மேல்நோக்கி நின்றன. அதாவது அங்கே காற்று சுழன்று திரும்பி வருகிறது. கண்ணாடி உயரத்தில் எந்த இறக்கையைக் கட்டினாலும் அது செத்த காற்றில்தான் உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கூரை விளிம்புதான் பிரச்சினையின் பாதி. வாய் மழுங்கிய பாத்திரத்திலிருந்து காபியை ஆற்றிப் பாருங்கள். வெளிப்புறமாக ஒட்டிக்கொண்டே வழிந்து வேட்டியில் ஊற்றும். டவராவின் விளிம்பை வெளியே மடித்திருப்பது காபி அங்கேயே கத்தரித்துக்கொண்டு விழட்டும் என்றுதான். காற்றும் அப்படித்தான்: உருண்டையான விளிம்பில் ஒட்டிக்கொண்டு கீழே வளையும், வளையும்போது அந்த இடத்தை மேலே உறிஞ்சும். கூர்மையான விளிம்பு கிடைத்தால் விட்டுவிட்டுப் போய்விடும். 1998-ல் வந்த முதல் ஆடி டிடி நினைவிருக்கிறதா? முன்னும் பின்னும் ஒரே மாதிரி உருண்டையாக, அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஜெர்மன் ஆட்டோபானில் அதிவேகத்தில் போகும்போது வால் பிடி விட்டு, உயிர்ச் சேதத்தோடு விபத்துகள் நடந்தன. கடைசியில் நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து, சஸ்பென்ஷனைத் திருத்தி, மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டைச் சேர்த்து, டிக்கி விளிம்பில் ஒரு சின்ன ஸ்பாய்லரையும் வைத்தது. அந்த வடிவத்தைக் காதலித்தவர்களுக்கு ஸ்பாய்லர் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்காது. ஆனால் அது அங்கே இருந்தாக வேண்டும்.

ஆகவே என் முதல் உருப்படியான மாற்றம் ஹார்டுவேர் கடையில் 120 ரூபாய்க்கு வாங்கிய அலுமினிய எல்-ஆங்கிள். 15 மி.மீ. உயரம். கூரையின் பின் விளிம்பில், காற்றுக்கு நிமிர்ந்து நிற்கும்படி, கண்ணாடி ஒட்டும் பசையாலும் நான்கு ரிவெட்டாலும் வைத்தேன். இந்த ஆங்கிளுக்கு ரேஸ் உலகில் கர்னி ஃப்ளாப் என்று பெயர். 1971-ல் அமெரிக்காவின் டான் கர்னி தன் ரேஸ் காரின் இறக்கை விளிம்பில் ஒரு தகட்டு மடிப்பை நிறுத்திப் பார்த்ததிலிருந்து வந்தது. இறக்கையில் அது வேலை செய்யும் விதம் கொஞ்சம் வேறு என்றாலும் தம்பி முறைதான். தையல் டேப்பில் பார்த்தால் வால் எழும்புவது ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் குறைந்திருந்தது. 120 ரூபாய்க்கு ஆறேழு கிலோ!

பேராசை வந்துவிட்டது. அடுத்தது இறக்கை. விங்.

கணபதி பக்கம் பம்ப்செட் ஃபவுண்டரிகளுக்கு மர பேட்டர்ன் செய்யும் ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது வருடமாக இம்பெல்லருக்கு அச்சு செதுக்கியவர். இறக்கையின் குறுக்குவெட்டைக் காகிதத்தில் அச்செடுத்துக் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தலைகீழா இருக்குதுங்களே தம்பி?" என்றார். விமானம் மேலே போகணும், இது கீழே போகணும்ங்க என்றேன். "ஓ, அமுக்கறதுக்கா? அப்பச் செரி. அடிப்பக்கம் வழவழன்னு வேணும்ங்க. மேல எப்படி இருந்தாலும் தொல்லையில்லை, அடியிலதான் உறிஞ்சும்." எந்தப் புத்தகத்தையும் திறக்காமல் சொன்னார். பம்புக்குள் தண்ணீர் செய்வதை நாற்பது வருடம் கவனித்தவருக்குக் காற்று என்ன புதிதா? 1.3 மீட்டர் அகலம், 22 சென்டிமீட்டர் ஆழம். அவர் செதுக்கிய அச்சில் ஃபைபரில் வார்த்தோம். இரண்டு பக்கமும் செங்குத்துத் தகடுகள். அழுத்தம் ஓரத்தில் கசியாமல் இருக்க என்று சொல்வார்கள். வாலில் பக்கவாட்டுப் பரப்பைக் கூட்டி அம்பு இறகின் வேலையையும் அவை கொஞ்சம் செய்யும்.

வைத்த இடம் கூரை மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, பின்னுக்குத் தள்ளி, நூல்கள் காட்டிய செத்த காற்றைத் தாண்டி. தாங்கிகளை வெறும் டிக்கிக் கதவின் தகட்டில் திருகினால் முதல் நாளே கிழிந்துவிடும். உள்பக்கம் 3 மி.மீ. அலுமினியத் தகடு கொடுத்து, கதவையே இரண்டு பானெட் பின்களால் பாடியோடு இறுக்கினேன்.

அதன் பிறகும் மனசு அடங்கவில்லை. 1969 மே மாதம், பார்சிலோனாவின் மோன்ஜுயிக் ட்ராக்கில் ஃபார்முலா 1 பந்தயம். லோட்டஸ் அணியின் இரண்டு கார்களிலும் உயரமான கால்களில் நின்ற இறக்கைகள் மடங்கின. முதலில் கிரஹாம் ஹில் மோதினார். சில சுற்றுகள் கழித்து ஏறக்குறைய அதே இடத்தில் யோகன் ரிண்ட். அடுத்த பந்தயமான மொனாக்கோவில் வார இறுதியின் நடுவிலேயே உயர இறக்கைகளைத் தடை செய்தார்கள். இறக்கை இல்லாத கார்கூடப் பரவாயில்லை. வளைவின் நடுவில் இறக்கை போய்விடுகிற கார் ஆளைக் கொல்லும்.

என் இறக்கைக்கு 160-ல் வரக்கூடிய சுமை 26 கிலோ என்று கணக்கு. அதைப் போல இரண்டு பங்குக்குச் சோதிக்க நினைத்தேன். வீட்டில் 25 கிலோ பொன்னி அரிசி மூட்டை இரண்டு, அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. இரண்டையும் தூக்கி இறக்கையின் மேல் வைத்துவிட்டு, அடியில் ஸ்கேலைப் பிடித்து எவ்வளவு வளைகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வாசலுக்கு வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "ஏஞ்சாமி, அரிசி எறக்கி வெக்கறதுக்கு வேற எடமே கெடைக்கலையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஆறு மில்லிமீட்டர் வளைந்தது, மூட்டையை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்தது. போதும்.

சாலையில் இதையெல்லாம் மாட்டிக்கொண்டு போகக் கூடாது. வண்டியை இஷ்டத்துக்கு மாற்றியமைப்பதைத் தடுக்க மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், பின்னால் பைக்கில் வருபவரின் கழுத்து உயரத்தில் ஒரு தகட்டை நீட்டிக்கொண்டு போவது நியாயமே இல்லை. இறக்கையை பெட்ஷீட்டில் சுற்றி காருக்குள் குறுக்காகப் படுக்கவைத்து எடுத்துப் போவேன். டோல்கேட்டில் ஒருவர் எட்டிப் பார்த்து, "ஃபேன் றெக்கையா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

ட்ராக்கில் முதல் நாள் ஏமாற்றம்தான். இறக்கையை நன்றாகச் சாய்த்து, 12 டிகிரியில் வைத்திருந்தேன். அதிகம் சாய்த்தால் அதிகம் அழுத்தும் என்ற எண்ணம். தையல் டேப் அவ்வளவாக நகரவில்லை, நேர்பாதையில் வேகம் மட்டும் குறைந்தது. மறுபடி நூல். இறக்கையின் அடிப்பக்கம் ஒட்டிப் பார்த்தபோது இரண்டு ஓரங்களிலும் நூல் படிந்திருந்தது. நடுவில் மட்டும் பேயாட்டம். அரை மணி நேரம் விழித்துவிட்டுத்தான் புரிந்தது. கூரையைத் தாண்டி வரும் காற்று மட்டமாக வரவில்லை, கீழ்நோக்கிச் சரிந்து வருகிறது. அந்தச் சரிவு ஏழெட்டு டிகிரி என்றாலே, நான் வைத்த 12-ஐயும் சேர்த்து நடுப்பகுதி பார்க்கும் கோணம் 20. எந்தச் சாதாரண இறக்கையும் அங்கே மூச்சு முட்டி நின்றுவிடும். பெரிய அணிகளின் இறக்கைகள் நடுவில் ஒரு கோணமும் ஓரத்தில் ஒரு கோணமுமாக முறுக்கியிருப்பது ஸ்டைலுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

4 டிகிரிக்குக் குறைத்தேன். நூல் எல்லாம் படுத்தன. டேப் நகர்ந்தது. நேர்பாதை முடிவு வந்தது, பிரேக்கை மிதித்தேன், படி இருக்க வேண்டிய இடத்தில் படி இருந்தது.

அந்த உணர்வை என்னவென்று சொல்வது? ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் விஷயம். கார் முன்னால் குனிந்தது, நின்றது, திரும்பியது. ஆறு சுற்று கழித்துத்தான் கவனித்தேன், பிரேக் போடும் இடம் தானாகவே பத்துப் பன்னிரண்டு மீட்டர் உள்ளே போயிருந்தது. யாரும் என்னைத் துணியச் சொல்லவில்லை.

இறக்கை பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் சீசா கணக்கு இப்போது என் பக்கம் வேலை செய்கிறது. இறக்கை தரும் 26 கிலோ, பின்சக்கரத்தில் 33-க்கு மேல் வந்து சேருகிறது. அந்த ஏழு கிலோவை முன்சக்கரம் கொடுக்கிறது. விளைவு, வேகமான வளைவில் முகப்பு கொஞ்சம் மந்தமானது, கார் வெளியே அகன்றது. முன்சக்கர வண்டி ஓட்டுபவர்கள் இதைச் சகித்துக்கொள்ளலாம். அகலும் கார் பயமுறுத்தாது, சலிப்புத்தான் தரும். சலிப்பைத் தீர்க்க ஸ்ப்ளிட்டரைத் திரும்பக் கொண்டுவந்தேன், இந்த முறை பெயர்ப்பலகைக் கடைகளில் கிடைக்கும் ஏசிபி ஷீட்டில் (இரண்டு அலுமினியத் தாளுக்கு நடுவே பிளாஸ்டிக்), நான்கு சென்டிமீட்டர் நீட்டி. பின்னால் இறகு இருக்கும்போது முன்னால் கூர் தீட்டலாம். வரிசை மாறினால் புல் தின்ன வேண்டும்.

இழப்பும் உண்டு. நேர்பாதை முடிவில் மூன்று கிலோமீட்டர் வேகம் குறைந்தது. தொண்ணூறு குதிரைத்திறன் கூட இல்லாத வண்டியில் அந்த வேகத்தில் இறக்கை மட்டும் இரண்டு மூன்று குதிரைகளைத் தின்கிறது. சுற்று நேரம் முக்கால் நொடி குறைந்தது என்று பெருமையாகச் சொல்லலாம்தான். ஆனால் அதே நாளில் முன் டயர் இரண்டும் புதிது, ஆகவே சொல்லமாட்டேன். கரி ஸ்பீட்வேயில் இறக்கையைக் கழற்றிவிட்டே ஓட்டுகிறேன். அங்கே அதற்குச் சுமைக்கூலிதான் மிச்சம்.

வேறு சிலவும் முயன்றேன், நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கூரையில் ஒட்டும் சுறா முள் வரிசை என் காரில் எதையும் மாற்றவில்லை. மிட்சுபிஷி லேன்சர் எவல்யூஷன் மாதிரி செடான்களில், பின் கண்ணாடியின் சரிவில் பிய்ந்துபோகும் காற்றைப் பிடித்துவைக்க அது உதவும். செங்குத்தாக வெட்டிய ஹேட்ச்பேக் பின்புறத்தில் பிடித்துவைக்க என்ன இருக்கிறது? பம்பருக்கு அடியில் பசை போட்டு ஒட்டும் கருப்புப் பல் வரிசையை டிஃப்யூசர், அதாவது அடிக்காற்றைச் சீராக வெளியே விடும் சாதனம், என்று விற்கிறார்கள். அதைப் பற்றிப் பேசினால் கோபம் வரும். பின் பம்பர் பாராசூட் மாதிரி அடிக்காற்றைப் பிடித்துவைப்பதைக் குறைக்க அதில் ஓட்டை போடலாமா என்று மட்டும் இன்னும் யோசனை. பெயின்ட் நன்றாக இருக்கிறது, மனசு வரவில்லை.

அந்தப் பழைய பிளைவுட் ஸ்ப்ளிட்டரைத் தூக்கிப் போட மறந்து மொட்டை மாடியில் சாய்த்து வைத்திருந்தேன். போன சித்திரையில் மேலே போனபோது அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து அம்மா வடகம் பிழிந்து காயப்போட்டிருந்தார். எங்கள் மாடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா இருக்காது. பலகையைத் தூக்கிவிடக் கூடாதே என்று நான்கு மூலையிலும் நான்கு கருங்கல்லை வைத்திருந்தார்.